வெஸ்லியின் வாயில் என் பெயர்

போன வாரம் ஃப்ரீமான்ட்டில் காருக்கு நான்கு டயரையும் மாற்றக் கொடுத்துவிட்டு, கடையின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். புது ரப்பர் வாசனை. மூலையில் காலையிலிருந்து சூடு தட்டில் காய்ந்துகொண்டிருந்த காபி. மேலே ஸ்பீக்கரில் வரிசையாகப் பழைய கன்ட்ரி பாட்டுகள், அமெரிக்கப் பட்டிக்காட்டு இசை. மூன்றாவதோ நான்காவதோ பாட்டு தொடங்கியதும், பக்கத்து நாற்காலியில் இருந்த தொப்பிக்காரர் போனைப் பார்த்தபடியே கூடப் பாட ஆரம்பித்தார். ஒரு இடத்தில் ‘லைன்’ என்பதை ‘ரெயின்’ என்று பாடினார். திருத்தலாமா என்று வாய் துடித்தது. சுடிதாரும் பொட்டுமாக உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, ‘அந்த வரி நான் எழுதினதுங்க’ என்று சொன்னால் மனிதர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போயிருப்பார். பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் எழுதியது நான்தான். அந்தப் பாட்டைக் கொண்டு ஒரு மனிதனைப் பழி வாங்கியதும் நான்தான். பழி வாங்குவது தப்பு என்று நினைக்கிறவராக நீங்கள் இருந்தால் இங்கேயே எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்காரரே அந்தக் கட்சிதான்.

ரப்பர் வாசனையும் கருகின காபியும் சேர்ந்து வந்தால் எனக்கு டெக்சஸ்தான் ஞாபகம் வரும். பேர்லேண்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் வெஸ்லியின் அலுவலகம் இருந்தது. பாட்டுத் தொழிலில் பப்ளிஷர் என்றால் புத்தகம் போடுகிறவர் இல்லை. யாரோ எழுதின பாட்டைத் தன் பேரில் எழுதி வாங்கி, அதற்கு ஒரு பாடகரைப் பிடித்துக் கொடுத்து, காகிதங்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறவர். பாட்டை ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்து முடித்துத் தருகிறவர் புரொட்யூசர். வெஸ்லி இரண்டுமாக இருந்தார். ‘இருந்தார்’ என்று எழுதும்போதே கை தயங்குகிறது. இனி ‘அவன்’ என்றே எழுதுகிறேன். வயதில் பெரியவன்தான், இருக்கட்டும்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி நேராகப் பேர்லேண்டுக்குப் போனவள் நான். வீட்டுக்காரருக்கு ஹூஸ்டன் பக்கம் ஒரு எண்ணெய் ரிஃபைனரியில் டிசைன் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். என்னுடையது மனைவிக்கான விசா. வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது, அந்த ஊரில் நடந்து போகிற தூரத்தில் எதுவும் கிடையாது. துணைக்கு ஒரு ரேடியோ இருந்தது. செய்தி வாசிக்கிறவர்கள் பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கன்ட்ரி பாட்டுக்காரர்கள் மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாடினார்கள். யார், எந்த ஊர், எந்த வண்டி, எவள் விட்டுப் போனாள், எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும். அழ வேண்டிய இடத்தை மெட்டே காட்டிக் கொடுத்துவிடும். அதைக் கேட்டுத்தான் இங்கிலீஷ் படித்தேன். அதனால் இன்றைக்கும் சில வார்த்தைகளை நான் மாடு மேய்க்கிறவர்கள் மாதிரி இழுத்துச் சொல்வதாக என் மகள் சிரிப்பாள்.

பக்கத்து வீடு ரோண்டா. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை, வாரத்துக்கு மூன்று நாள். மற்ற நாட்களில் கிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள். நான் கொல்லையில் கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேல் தலை நீட்டினாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

“ஹனி, இங்க வெளியில துணி காயப்போட்டா காலனிக்காரங்ககிட்டேர்ந்து லெட்டர் வரும். எடுத்துடு.”

எடுத்துத் தரவும் வந்தாள். நான் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உற்றுக் கேட்டாள். ரேடியோவில் வந்த பாட்டுத்தான், ஆனால் பாதி வார்த்தை நானாகப் போட்டுக்கொண்டது. சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “உன் வார்த்தைதான் நல்லாருக்கு,” என்றாள்.

கல்லூரி மலரில் என் கவிதைகள் மூன்று வந்திருந்தன. மூன்றிலும் நிலா இருந்தது. அதற்கு மேல் என்னை யாரும் பாராட்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ரோண்டாவின் அடுக்களை மேசையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். நான் வார்த்தை, அவள் மெட்டு. வெள்ளிக்கிழமைகளில் என்னைத் தன் பிக்கப் வண்டியில் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போவாள். நான் சுற்றி வருவதற்குள் கேன்டீனில் புளியோதரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “இதுக்கு ஒரு பாட்டு எழுதணும்,” என்பாள். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் நிற்கும்.

சனிக்கிழமை காலைகளில் ஊர் நூலகத்தில் பாட்டு எழுதுகிறவர்கள் கூடுவார்கள். ஏழெட்டுப் பேர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மா ஒருத்தி, இப்படி. ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் குறை சொல்லிக் கிழிக்க வேண்டும். நூலகத்து அம்மா அந்த மாதம் வந்த பாட்டுகளையெல்லாம் டைப் செய்து, எழுதினவர்கள் பேர் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து எல்லோருக்கும் கொடுப்பாள். அங்கேதான் என் பெயர் முதன்முதலாக அமெரிக்காவில் அச்சானது. அதில் ஒரு ழகரம் உண்டு. எங்கள் அப்பாவுக்கே அந்த எழுத்து வராது. கடைசி வரை ‘ளி’ போட்டுத்தான் கூப்பிட்டார்.

அப்போதெல்லாம் ஊருக்குப் பேச வேண்டுமானால் காலிங் கார்டு வாங்க வேண்டும். நீள நம்பரை அழுத்தி, லைன் கிடைத்து, அம்மாவிடம் மழை வந்ததா, மாடு கன்று போட்டதா என்று கேட்டு முடிப்பதற்குள் நடுவில் ஒரு பெண் குரல் வந்து, இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று சொல்லும். அந்தக் குரல் வந்த பிறகுதான் அம்மா விஷயத்துக்கு வருவார். “ஏங்கண்ணு, நல்லாத்தான இருக்கற?” நான் வாயைத் திறக்கும்போது லைன் போய்விடும். இதை ரோண்டாவிடம் சும்மா சொன்னேன். அவள் கிட்டாரைக் கீழே வைத்தாள். “இதுதான் பாட்டு,” என்றாள். மூன்று வாரத்தில் முடித்தோம். ஒரு பெண், ஒரு அம்மா, ஒரு நிமிடம் மிச்சம். சனிக்கிழமை படித்தபோது தபால்காரர் மூக்கைச் சிந்தினார். யாரும் கிழிக்கவில்லை.

அன்றைக்கு விருந்தாளியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன்தான் வெஸ்லி.

அடுத்த வாரம் என்னை மட்டும் வரச் சொன்னான். ரோண்டாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை நாள். தபால்காரர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். மாடிப்படியெல்லாம் ரப்பர் வாசனை. வெஸ்லி காபி ஊற்றிக் கொடுத்தான். பேச்சு தேன் மாதிரி இருந்தது.

“ஹனி, உன் விசாவுல நீ வேலை பார்க்கக் கூடாது, தெரியுமா? இந்தப் பாட்டுல உன் பேர் இருந்தா நாளைக்கு உன் புருஷன் வேலைக்கே ஆபத்து. என் பேரைப் போட்டுக்கறேன். உன் நல்லதுக்குத்தான்.”

“ரோண்டா பேரு?”

“அவ கையெழுத்துப் போட்டாச்சு. தனியாப் பாடகியா வரணும்னு அவளுக்கு ஆசை. உன்னை எப்படிக் கழட்டி விடறதுன்னு என்கிட்டயே கேட்டா.” கொஞ்சம் நிறுத்தி, அன்பாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். “அதுவுமில்லாம, உன் பேரைச் சொல்ல இந்த ஊர்ல எந்த ரேடியோக்காரன் நாக்கும் வளையாது.”

அந்த மூன்றில் எது என்னை அடித்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். விசா பயம் பெரிதுதான். ஆனால் காதில் நின்றது ரோண்டா என்னைக் கழற்றிவிடப் பார்த்தாள் என்பதுதான். கையெழுத்துப் போட்டேன். என்ன காகிதம் என்று படிக்கக்கூட இல்லை. கெமிஸ்ட்ரி பட்டதாரி. சோதனைக்கூடத்தில் ஒரு பாட்டிலை லேபிள் பார்க்காமல் தொட்டிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து ரோண்டா கூப்பிட்டால் நான் கதவைத் திறக்கவில்லை. சில நாளில் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஏழெட்டு மாதம் கழித்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் பாட்டு வந்தது. பாடியது ரோண்டா இல்லை, யாரோ ஒரு சின்னப் பெண், நன்றாகவே பாடினாள். முடிந்ததும் அறிவிப்பாளன் உற்சாகமாகச் சொன்னான், எழுதியது நம்ம வெஸ்லி, அவர் அம்மாவை நினைத்து எழுதியதாம். கத்தியை வைத்துவிட்டு நின்றேன். வெங்காயம் இருந்ததால் அழுததற்கு வீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவருக்குக் கலிஃபோர்னியாவுக்கு வேலை மாறியது. சாமான் ஏற்ற லாரி வந்த அன்று காலை பதினோரு மணிக்கு, அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டோடு ரோண்டா வாசலுக்கு வந்தாள். பீச் பழம் போட்டுச் சுடுகிற பலகாரம், எனக்குப் பிடிக்கும். நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தூங்குகிறேன் என்று அவரைச் சொல்லச் சொன்னேன். அவர் வாழ்க்கையில் அதுவரை பொய் சொன்னதில்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரோண்டா ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஃப்ரீமான்ட்டில் மகள் பிறந்தாள், கிரீன் கார்டு வந்தது, கார் ஓட்டக் கற்றேன், கம்யூனிட்டி காலேஜில் படித்தேன். வேலை தேடியபோது சான் ரமோனில் ஒரு கம்பெனி. எந்தப் பாட்டை யார் எழுதியது, யாரிடம் உரிமை இருக்கிறது என்று சரிபார்த்து வைக்கிற இடம். இன்டர்வியூவில் ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். இசையில் ஆர்வம் என்றேன். தினமும் ஃப்ரீவேயில் போய் வருவேன், மதியம் தயிர்சாதம், திரை முழுக்கப் பாட்டுக்காரர்கள் பேர். டெக்சஸ் பட்டியல் எது வந்தாலும் முதலில் அவன் பேரைத் தேடுவேன். இப்படிப் பல வருஷம். கோயிலுக்குப் போகிறவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் போக மாட்டார்கள்.

ஒரு நாள் வந்தது. வயதாகிவிட்டதால் வெஸ்லி தன்னிடமிருந்த பாட்டுகளையெல்லாம் மொத்தமாக ஒரு பெரிய கம்பெனிக்கு விற்கிறான். வாங்குகிறவர்கள் எங்களிடம் சரிபார்க்கக் கொடுத்திருந்தார்கள். பட்டியலில் முதல் பாட்டு என்னுடையது. அதில்தான் மதிப்பே. என் மேனேஜர் ஒரு பஞ்சாபிப் பெண். அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

“இந்த ஃபைலை நீங்க இனிமே தொடவே கூடாது,” என்றாள். “கோர்ட்டுக்கும் போக முடியாது, ரொம்ப லேட். ஆனா எழுதினவங்கற முறையில நீங்க ஒரு அப்ஜெக்ஷன் லெட்டர் அனுப்பினா யாரும் தடுக்க முடியாது. சண்டை இருக்கற பாட்டை யாரும் வாங்க மாட்டாங்க.” பிறகு மெதுவாக, “ப்ரூஃப் இருக்கா?” என்றாள்.

நூலகங்களுக்கு ஒரு நல்ல குணம், எதையும் எறிய மாட்டார்கள். பேர்லேண்டுக்கு எழுதிக் கேட்டேன். நான்காம் நாள் மெயிலில் வந்தது, ஸ்டேப்ளர் துருவோடு சேர்த்து ஸ்கேன் செய்த அந்த மாதத்துப் பக்கங்கள். வெஸ்லி தன் பேரில் பதிவு செய்ததற்கு முந்தைய தேதி. பாட்டுக்குக் கீழே ரோண்டா பேர், என் பேர்.

இரண்டாவது சாட்சியாக ரோண்டாவின் வாக்குமூலம் வேண்டும். அவள் இப்போது கால்வெஸ்டனில் தன் தங்கையோடு இருப்பதாக அவளுடைய பழைய சர்ச்சில் சொன்னார்கள். போன் போட்டேன்.

“உனக்குத்தான் என்னோட பேசப் பிடிக்கலையே,” என்றாள் என் குரல் கேட்டதும்.

“எனக்கா? நீதானே என்னைக் கழட்டி விடப் பார்த்தே?”

“யார் சொன்னா?”

சொன்னேன். அப்புறம் அவள் சொன்னாள். வெஸ்லி அவளையும் தனியாகக் கூப்பிட்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் கன்ட்ரி பாட்டெல்லாம் குடும்பத்துக்கு ஆகாது என்று தடுத்துவிட்டதாகவும், ரோண்டாவோடு சேரக் கூடாது என்று எனக்குக் கட்டளையிட்டதாகவும், நானே என் பேரை எடுக்கச் சொன்னதாகவும் சொல்லியிருக்கிறான். உன்னை வைத்து ஒரு ஆல்பமே பண்ணலாம், அவளைத் தொந்தரவு செய்யாதே என்றானாம். அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆல்பமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அந்தப் பலகாரத்தைக் கொண்டுவந்த அன்று, என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துப் பேசியதைக் கண்டு, உண்மைதான், கொடுமைக்கார மனுஷன் என்று முடிவு செய்துகொண்டாளாம்.

இத்தனை வருஷம் என் கோபம் பேருக்காக இருந்தது. அந்த போனுக்குப் பிறகு அது வேறு ஆகிவிட்டது. பாட்டைத் திருடினவனை ஒருவேளை மன்னித்திருப்பேன், தெரியாது. இவன் என் சிநேகிதியைத் திருடியிருக்கிறான்.

லெட்டர் போன பத்தாம் நாள் வெஸ்லியே கூப்பிட்டான். குரலில் வயது தெரிந்தது, ஆனால் அதே தேன்.

“ஹனி, நாம அந்தக் காலத்துல நல்ல சிநேகிதங்க. உனக்கு என்ன வேணும், சொல்லு.”

“மூணு விஷயம். பாட்டுலேர்ந்து உங்க பேரை எடுக்கணும், எங்க ரெண்டு பேர் பேரைப் போடணும். நீங்க எழுதலைன்னு கையெழுத்துப் போட்டு வாங்கறவங்களுக்குக் கொடுக்கணும். அடுத்த மாசம் பேர்லேண்ட்ல உங்களுக்குப் பாராட்டு லஞ்ச் வெச்சிருக்காங்கன்னு ரோண்டா சொன்னா, அங்க எழுந்து இதை வாயால சொல்லணும்.”

“என் பேரப்பசங்க எல்லாம் அங்க வராங்க.”

“நல்லது. அவங்களும் கேக்கட்டும்.”

கடைசியில் சம்மதித்தான். அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. “என் பேரைச் சரியாச் சொல்லணும். இப்போ சொல்லுங்க பார்க்கலாம்.”

சொன்னான். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து ‘ஸ’ போட்டுச் சொன்னான். “இல்லை. நாக்கை மடிச்சு உள்ள இழுங்க. திரும்ப.” வாரம் இரண்டு நாள், ஞாயிறும் புதனும் காலை ஒன்பது மணிக்கு, நான்கு வாரம் அவனுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தேன். நடுநடுவே மூச்சு வாங்கும். “இது மனுஷ வாய்க்கு வர்ற சத்தமே இல்ல,” என்பான். “திரும்ப,” என்பேன். என் அப்பாவிடம் காட்டாத பொறுமை.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்தார். “ஏம்புள்ள, அந்தாளுக்கு எம்பது வயசாச்சு. எழுதித் தரேன்னுட்டான். இன்னும் எதுக்கு இப்பிடி?”

“உங்களையும்தானுங்க கொடுமைக்காரன்னு சொல்லியிருக்கான்.”

“சொன்னாச் சொல்லிட்டுப் போறான். எனக்கு வலிக்கல.”

“எனக்கு வலிக்குதுங்க.” அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஹூஸ்டனுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

லஞ்ச் ஒரு பார்பெக்யூ ஹாலில். காகிதத் தட்டுகள், பலூன், சுவரில் வெஸ்லியின் பழைய படங்கள். ரோண்டா எனக்கு முன்பே வந்து, ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கட்டிக்கொண்டோம்.

மேயர் பேசினார். வெஸ்லி தன் அம்மாவை நினைத்து எழுதிய பாட்டைக் குறிப்பிட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். வெஸ்லி எழுந்து மைக்கைப் பிடித்தான். பேரன் ஒருவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். “அந்தப் பாட்டை நான் எழுதல,” என்றான். “எங்க அம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எழுதின ரெண்டு பேர் அதோ இருக்காங்க. ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லி வாங்கினேன்.” ரோண்டா பேரைச் சொன்னான். பிறகு நிறுத்தி, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, என் பேரைச் சொன்னான்.

சுத்தமாகச் சொன்னான். ழகரம் அப்படியே வந்தது. கோபியில்கூட என்னை அவ்வளவு சரியாக யாரும் கூப்பிட்டதில்லை.

முழங்கையைப் பிடித்திருந்த பேரன் கையை எடுத்துவிட்டான். அதை நான் பார்த்தேன். பார்த்தபோது நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

முடிந்ததும் எங்கள் பக்கம் வந்தான். ரோண்டா அவன் கையைப் பிடித்து, “சரி வெஸ்லி,” என்றாள். அவள் சர்ச்சுக்காரி, அவளுக்கு அது வரும். என்னிடமும் கையை நீட்டினான். “இப்போ நமக்குள்ள சரியாப் போச்சா?”

“இல்லை,” என்றேன். நீட்டின கை சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவனே எடுத்துக்கொண்டான். அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான் என்று ரோண்டா சொன்னாள். பூ அனுப்பலாமா என்று கேட்டாள். உன் பேரில் அனுப்பு என்றேன்.

லஞ்ச் முடிந்த பிற்பகல் கால்வெஸ்டனில் ரோண்டாவின் தங்கை வீட்டில் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதிப் பார்த்தோம். எனக்கு இரண்டு வரி வந்தது. அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன, கம்பியை அழுத்த முடியவில்லை. வாயால் மெட்டைப் பாடினாள், அதுவும் பாதியில் நின்றது. சிரித்துவிட்டு டீ போட எழுந்தாள். பிரியாமல் இருந்திருந்தால் இதற்குள் நாற்பது பாட்டாவது எழுதியிருப்போம் என்று அடுக்களையிலிருந்து சொன்னாள்.

நூலகத்தில் சனிக்கிழமைக் கூட்டம் நின்று வெகுகாலமாகிவிட்டது, அந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள். தபால்காரர் இல்லை. ஊர்ப் பாட்டை ஊர்க்காரனே போடுகிற ரேடியோ நிலையத்தை எங்கேயோ இருக்கிற யாரோ வாங்கி மூடிவிட்டார்கள். ரோண்டாவின் விரல்கள் போய்விட்டன, எங்களுக்கு இருந்திருக்க வேண்டிய வருஷங்கள் போய்விட்டன. அவற்றை எந்த மேடையில் எவன் எழுந்து சொன்னாலும் திருப்பித் தர முடியாது. போனில் அந்தப் பாட்டைத் திறந்து, எழுதியவர்கள் என்ற இடத்தைத் தட்டினால் இப்போது இரண்டு பெண்களின் பெயர்கள் வருகின்றன. முன்பு அங்கே வேறு ஒரு பெயர் இருந்தது. அது இல்லாமல் போனதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் திறக்கிறேன்.